வட்டக்கோட்டை ஓவியத்தில் சூரியன் எங்கே மறைகிறது?

வேளிமலை: தூரிகைதாசன் நேற்று இங்கே ஏற்றியிருந்த எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பார்த்தேன். இடிந்த கல் கோபுரம், அடியில் கடல், கடலில் இறங்கும் சூரியன். ‘வட்டக்கோட்டையில் மாலை, உள்ளது உள்ளபடி’ என்று பெருமை வேறு. கன்னியாகுமரிக்கு வடகிழக்கே உள்ள அந்தக் கோட்டையில் கடல் இருப்பது தென்கிழக்கே. மாலைச் சூரியன் மலைப்பக்கம்தான் மறையும். கடலில் எப்படி ஐயா விழுந்தது?

தூரிகைதாசன்: நிலக்காட்சி ஓவியம் சர்வேயர் வரைபடம் அல்ல. ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள், தேம்ஸ் முகத்துவாரத்தை நோக்கி நிற்கும் ஹாட்லி கோட்டையின் இடிந்த கோபுரத்தை 1814-இல் பென்சிலால் குறித்துக்கொண்டார். மனைவியை இழந்த பிறகு, 1829-இல்தான் ஓவியமாகக் காட்சிக்கு வைத்தார். அந்தக் கல்லில் இருப்பது அவருடைய துக்கம். யாரும் திசைகாட்டியோடு போய் நிற்கவில்லை.

வேளிமலை: துக்கப்பட்டார், சரி. அதற்காகத் தேம்ஸ் முகத்துவாரத்தைத் தூக்கி மறுபக்கம் வைத்தாரா? சூரியன் எங்கே மறைகிறது?

குளச்சல்காரன்: சூரியனை விடுங்கள். தொல்லியல் துறை பாதுகாப்பில் மதில் உறுதியாக நிற்கிறது. அதை ஏன் இடித்துக் காட்ட வேண்டும்? அதை எடுத்துக் கட்டிய டச்சுத் தளபதி டிலனாய், 1741-இல் எங்கள் குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் பிடிபட்டிருக்காவிட்டால் உங்களுக்கு அந்தக் கோட்டை ஏது?

வேளிமலை: வந்துவிட்டார். பலாப்பழத்தைப் பற்றிப் பேசினாலும் குளச்சல் போர்தான். டிலனாய் கல்லறை எங்கள் உதயகிரிக் கோட்டையில் இருக்கிறதே, அதையும் சொல்லுங்கள்.

குளச்சல்காரன்: பிடித்த ஊருக்குப் பெருமையா, புதைத்த ஊருக்கா?

தூரிகைதாசன்: என் ஓவியத்தில் இருப்பது சூரிய உதயமாகவும் இருக்கலாமே.

வேளிமலை: ‘மாலை’ என்று எழுதியது யார்? நானா?

தூரிகைதாசன்: கன்னியாகுமரியில் கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க ஊரே திரள்கிறது. ஆறு கிலோமீட்டர் நகர்த்தினால் குற்றமா?

வேளிமலை: அந்த ஆறு கிலோமீட்டருக்குள்தான் ஐயா கரையே திரும்புகிறது! முக்கடல் முனைச் சூரியனை வெட்டி வட்டக்கோட்டையில் ஒட்டிவிட்டு ‘உள்ளது உள்ளபடி’ என்றால் எப்படி? போன வருடம் பத்மநாபபுரம் அரண்மனை ஓட்டுக்கு நீலம் பூசியவர்தானே நீங்கள். அன்றைக்கும் இதே துக்கமா?

தூரிகைதாசன்: அது நீலம் அல்ல, நிழல். ஒரு கோடு இழுக்கத் தெரியாதவர்களுக்கு நிழல் எங்கே புரியும்?

வேளிமலை: எனக்குக் கிழக்கும் மேற்கும் புரியும். அதுவே போதும்.

குளச்சல்காரன்: அதே அரண்மனையில் டிலனாய் சரணடையும் ஓவியம் மாட்டியிருக்கிறது. அதையாவது பார்த்தீர்களா, இரண்டு பேரும்?