‘இக்னிஷன் டைமிங்’: ‘தீப்பொறித் தருணம்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது எந்த நிலையில் தீப்பொறி விழ வேண்டும் என்பதே ‘இக்னிஷன் டைமிங்’. அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக ‘எரிபற்றல் நேரம்’ என்று முன்மொழியப்பட்டிருப்பதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. தயக்கத்துக்குக் காரணம் இலக்கணமன்று. பொல்கொடை ஏரிக்கரையில் வீணாய்ப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என் மைத்துனரிடம் பழைய படகு ஒன்று உண்டு. கார் எஞ்சினிலிருந்து உருவான நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் அதன் உள்ளே இருக்கிறது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் புதிய டைமிங் பெல்ட் (வால்வுகளை எஞ்சினின் சுழற்சியோடு இணைத்து இயக்கும் பல்வைத்த பட்டி) வாங்கி, அதைத் தெரிந்த பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கொண்டு மாற்றிய பிறகு, எஞ்சின் சிரமப்பட்டுத்தான் ஸ்டார்ட் ஆனது, வேகம் ஏறவில்லை, புகைபோக்கியில் இடையிடையே வெடித்தது. காது கொடுத்துக் கேட்ட பாஸ், “டைமிங் தப்பியிருக்கு, தம்பி” என்றார். அவர் சொன்னது தீப்பொறியை. மைத்துனர் விளங்கிக்கொண்டது பெல்ட்டை. பெல்ட்டின் பெயரிலேயே ‘டைமிங்’ இருக்கும்போது அவரைக் குறை சொல்ல முடியாது. பாஸ் சாப்பிடப் போன இடைவெளியில் மைத்துனரும் நானும் மூடியைக் கழற்றி, பெல்ட்டையும் கழற்றிவிட்டோம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் அடையாளப் புள்ளியும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் அடையாளப் புள்ளியும் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தன. அவற்றைப் பார்க்க மூடியைத் திறந்ததே போதும். பெல்ட்டைக் கழற்றத் தேவையே இருக்கவில்லை.

பிழை மூன்றாவது இடத்தில் இருந்தது. இவ்வகை எஞ்சினில் அதே பெல்ட் இடைத்தண்டு ஒன்றையும் சுழற்றுகிறது. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் அந்த இடைத்தண்டிலிருந்துதான் ஓடுகிறது. அதன் பற்சில்லில் உள்ள புள்ளியை யாரும் கவனிக்காததால் அது ஒரு பல் தள்ளி நின்றது. வால்வுகள் உரிய வேளையில் திறந்து மூடின. தீப்பொறி மட்டும் பிந்தி விழுந்தது. பற்சில்லுக்கு 40 பற்கள் என்றால் ஒரு பல் 9 பாகை. இடைத்தண்டு கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், கிராங்க் கணக்கில் அது 18 பாகை. பெல்ட்டைத் திரும்பப் பூட்டி, முதலாம் பிளக்கின் வயரில் டைமிங் லைட்டை (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) கொளுவி, கிராங்க் தண்டின் கப்பியில் பாஸ் சோக்குக் கட்டியால் தீட்டிவிட்ட கோட்டைப் பார்த்தோம். உச்சிக்கு முன் 10 பாகையில் தெரிய வேண்டிய வெள்ளைக்கோடு, உச்சிக்குப் பின் 8 பாகையில் மினுங்கியது. பாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, அதன் உடலை 9 பாகையளவு திருப்பியதும் எஞ்சினின் குரலே மாறிவிட்டது. மொத்தம் பத்து நிமிட வேலை. (பெற்றோல் படகில் இதைச் செய்பவர்கள், எஞ்சின் அறையின் காற்றை முதலில் விசிறியால் வெளியேற்றிவிட்டே தொடங்க வேண்டும், அடித்தட்டில் தேங்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும்.)

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘நேரம்’ என்பது இங்கே பொருந்தாது. ஏனெனில் அளக்கப்படுவது கோணம். 10 பாகை என்பது நிமிடத்துக்கு 900 சுற்றில் ஏறத்தாழ 1.85 மில்லிசெக்கன், 3000 சுற்றில் வெறும் 0.56 மில்லிசெக்கன். வேகம் கூடக்கூடத் தீப்பொறியை மேலும் முந்தி விட வேண்டியிருப்பதும் இதனால்தான். எரிவதற்குக் கிடைக்கும் அவகாசம் சுருங்கிவிடுகிறது. ‘நேரம்’ என்று எழுதினால் மாணவன் செக்கனைத் தேடுவான். ‘தருணம்’ என்பதும் காலச்சொல்தான் என்று எதிர்வாதம் வரலாம். ஆயினும் அது நீட்சியைச் சொல்லவில்லை, ஒன்று நிகழவேண்டிய இடத்தைச் சொல்கிறது; ‘தக்க தருணம்’ என்னும்போது நாம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

‘பொறிவேளை’ என்ற இன்னொரு முன்மொழிவு காதுக்கு இனிமையாக இருந்தாலும், பொறியியல், பொறிமுறை என்று ‘பொறி’யை இயந்திரத்துக்கே கொடுத்துவிட்ட நம் வழக்கில், அதை ‘இயந்திரம் ஓடிய நேரம்’ என்று வாசிக்க இடமுண்டு. ஆகவே ‘தீ’யை விடக்கூடாது. சங்கீதம் அறிந்த நண்பர் ஒருவர் ‘எடுப்பு’ என்றார். தாளம் தொடங்குமுன் பாட்டு எடுத்தால் அதீதம், தொடங்கிய பின் எடுத்தால் அனாகதம். முசலம் (பிஸ்டன்) உச்சியைத் தொடுமுன் பொறி விழுவதற்கு இதைவிட அழகான ஒப்புமை கிடைக்காது. ஆனால் ‘அதீத எடுப்பு’ என்று கராஜில் சொன்னால் ஏதோ அளவுக்கு மிஞ்சிவிட்டது என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். மனமில்லாமல்தான் அதைக் கைவிடுகிறேன்.

எனவே என் முன்மொழிவு: தீப்பொறித் தருணம், வால்வுத் தருணம். இரண்டையும் அடைமொழியின்றி வெறும் ‘தருணம்’ என்று எழுதவே கூடாது என்பதை முன்மொழிவின் பகுதியாகவே கொள்ளுங்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது அடைமொழி இல்லாத ‘டைமிங்’ தான். டைமிங் பெல்ட்டைப் ‘பற்பட்டி’ என்று அதன் உருவத்தால் அழைக்கலாம். ‘தருணப் பட்டி’ என்று பெயர்த்தால் பழைய குழப்பத்தைத் தமிழிலும் குடியேற்றியவர்களாவோம். பல எஞ்சின்களில், குறிப்பாக வெளியிணைப்பு நான்கடிப்பு (அவுட்போர்ட் ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின்களில், தீப்பொறிக்கான சைகை பறக்கும் சில்லிலிருந்தே (ஃபிளைவீல்) எடுக்கப்படுகிறது. அங்கே பட்டி ஒரு பல் தப்பினால் கெடுவது வால்வுத் தருணம் மட்டுமே. டைமிங் லைட் எல்லாம் சரி என்றே காட்டும்.

தீப்பொறியை உச்சிக்கு முன்பே விடுவதைச் சொல்லும் ‘அட்வான்ஸ்’ என்பதற்கு ‘முன்னேற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். 10 பாகை முன்னேற்றம் என்றால் எஞ்சினுக்குப் பதவியுயர்வு கிடைத்தது போல இருக்கிறது. முந்தி, பிந்தி என்று நாள் முழுவதும் பேசுகிற நமக்கு ‘முந்தல்’, ‘பிந்தல்’ போதாதா? அதேபோல் ‘டொப் டெட் சென்டர்’ என்பதை ‘மேல் இறப்பு மையம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட ‘உச்சி’ என்று விட்டுவிடலாம். உச்சிக்கு முன், உச்சிக்குப் பின் என்று வாய் தடுக்காமல் வருகிறது.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லை. அங்கே தருணம் எரிபொருளைச் செலுத்துவதற்கு உரியது. ‘செலுத்தல் தருணம்’ என்றால் படகைச் செலுத்துவது என்று மீன்பிடித் துறையில் பொருள் மாறிவிடுமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ‘உட்செலுத்தல் தருணம்’ சற்று நீளம். முகத்துவாரத்தில் டீசல் படகு வைத்திருப்பவர்களோடு பழகும் நண்பர்கள் அவர்கள் வாயில் என்ன சொல் புழங்குகிறது என்று கேட்டு எழுதினால், அதைப் பார்த்த பிறகு இதை முடிவு செய்யலாம்.