கடந்த வார இறுதியைப் பற்றி ஸ்பானிஷில் எழுத எந்த இறந்தகாலம்?

கயல்_எஸ்
வணக்கம். கடந்த வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று ஸ்பானிஷில் ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தார்கள். எல்லா வினைகளையும் இறந்தகாலத்தில்தான் எழுதினேன். ஆனாலும் ஆசிரியர் மூன்றை அடித்துவிட்டு, அதே வகையில் எழுதிய நான்காவதைத் தொடாமல் விட்டிருக்கிறார். காரணம் என்ன? நாளைக்குள் திருத்தித் தர வேண்டும், விரைவாக உதவுங்கள்.

அருள்நம்பி
எந்த மூன்று வினைகள், எந்த நான்காவது வினை என்று நீங்கள் சொல்லவில்லையே. ஸ்பானிஷில் இறந்தகாலம் ஒன்றல்ல என்பதால், முழு வாக்கியங்களையும் பார்க்காமல் யாராலும் உறுதியாக விடை சொல்ல முடியாது.

முத்துவேல்
என் கணிப்பில் இது அழுத்தக்குறியின் சிக்கல். 'ஆப்லோ' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. கடைசி அசைக்குக் குறியிட்டு அழுத்தினால் 'அவர் பேசினார்'. ஆனால் 'ஃபுய்' (போனேன்), 'ஃபுவே' (போனார்), 'பியோ' (பார்த்தார்) ஆகியவற்றுக்குக் குறி கிடையாது. 1959க்கு முந்தைய நூல்களில் அவை குறியோடு இருக்கும். பழைய நூலைப் பார்த்து எழுதினீர்களா?

இலக்கணச்செல்வர்
இங்கே பலமுறை விளக்கப்பட்ட செய்தி இது. தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு மொழி வசப்படாது. இறந்தகால வடிவங்களில், நீண்ட நேரம் நடந்த செயலுக்கு இம்பெர்ஃபெக்தோ, சட்டென்று முடிந்த செயலுக்கு இந்தெஃபினிதோ. தொடக்கப் பாடத்திலேயே சொல்லித் தரும் இந்த விதியைக் கற்ற பிறகு பத்தி எழுத முனையலாம்.

கயல்_எஸ்
மன்னிக்கவும், வாக்கியங்கள் இவை. 'எல் சாபதோ இபா அல் சினே' (சனிக்கிழமை திரையரங்குக்குப் போனேன்). 'பெயியா உனா பெலிகுலா' (ஒரு படம் பார்த்தேன்). 'எல் தொமிங்கோ ஹுகாபா அல் ஃபுட்போல் தோஸ் ஓராஸ்' (ஞாயிறு இரண்டு மணி நேரம் கால்பந்து விளையாடினேன்). இம்மூன்றும் தவறாம். 'குவாந்தோ சலீ, யோவியா' (நான் வெளியே வந்தபோது மழை) என்பதில் 'யோவியா' மட்டும் சரியாம். இரண்டு மணி நேரம் விளையாடியது நீண்ட செயல்தானே?

அருள்நம்பி
இப்போது தெளிவாகிறது. நான்கையும் இம்பெர்ஃபெக்தோவில் எழுதியிருக்கிறீர்கள். பலரும் அங்கேதான் ஒதுங்குகிறார்கள், ஏனென்றால் அதில் ஒழுங்கு தவறும் வினைகள் ஈர் (போ), சேர் (இரு), பேர் (பார்) என்னும் மூன்று மட்டுமே. இந்தெஃபினிதோவிலோ நாள்தோறும் தேவைப்படும் வினைகளே வடிவம் மாறி 'இஸே' (செய்தேன்), 'எஸ்துபே' (இருந்தேன்), 'துபே' (என்னிடம் இருந்தது) என்று வந்து நிற்கின்றன.

செயல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அளவுகோலே அல்ல. 'பிபீ தியெஸ் ஆன்யோஸ்' (பத்தாண்டு வாழ்ந்தேன்) என்பது பத்தாண்டானாலும் இந்தெஃபினிதோதான். தொடங்கி முடிந்த ஒரு முழு நிகழ்வாகச் சொல்கிறீர்களா, அல்லது வேறொன்று நடந்தபோது பின்னணியில் நடந்துகொண்டிருந்ததாகச் சொல்கிறீர்களா என்பதையே மொழி கேட்கிறது. 'தோஸ் ஓராஸ்' என்று நேரத்தை வரையறுத்துவிட்டதால் விளையாட்டு முடிந்த நிகழ்வாகிவிட்டது, ஆகவே 'ஹுகே'. திரையரங்குக்குப் போனது 'ஃபுய்', படம் பார்த்தது 'பி'. நீங்கள் வெளியே வந்த கணத்தில் மழை இன்னும் பெய்துகொண்டிருந்ததால் 'யோவியா' சரியானது. ஞாயிறு முழுவதும் பெய்து ஓய்ந்த மழையைச் சொல்வதானால் 'யோவியோ' என்றே எழுத வேண்டும்.

இலக்கணச்செல்வர்
'இந்தெஃபினிதோ' என்பது பாடநூல்களில் தங்கிவிட்ட பெயர். ஸ்பானிய அகாதெமியின் இலக்கணம் அதை 'ப்ரெதெரிதோ பெர்ஃபெக்தோ சிம்ப்ளே' என்கிறது. பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள்.

அருள்நம்பி
1847இல் இலக்கண அறிஞர் அந்திரேஸ் பெல்யோ அதை வெறும் 'ப்ரெதெரிதோ' என்றார். பெயர் எதுவானாலும் 'ஹுகே' மாறாது. நீளம் பற்றி நீங்கள் சொன்ன விதிதான் இவரை இன்னும் குழப்பியது.

செங்கதிர்
ஒன்று விடுபட்டுவிட்டது. வார இறுதி என்றால் 'எஸ்தே ஃபின் தே செமானா ஏ இதோ அல் சினே' (இந்த வார இறுதியில் திரையரங்குக்குப் போயிருக்கிறேன்) என்பதே முறை. மாத்ரித் நகரில் அப்படித்தான் பேசுகிறார்கள்.

மாதவி_ர
அது 'இந்த வார இறுதி' என்பதற்கு, அதுவும் ஸ்பெயினின் பெரும்பகுதிக்கு மட்டும். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் 'எஸ்தே ஃபின் தே செமானா ஃபுய்' என்பதே இயல்பு. ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியா, அஸ்தூரியாஸ், கனேரித் தீவுகளில் 'ஃபுய்' என்பார்கள். ஒரு நகரத்தின் பேச்சை மொழி முழுவதற்குமான முறையாக்குவது நியாயமன்று.

செங்கதிர்
கற்பவர் ஏதாவது ஒரு வழக்கைப் பின்பற்றத்தானே வேண்டும்? என் பாடநூல் ஸ்பெயின் வழக்கைக் கொண்டது. அதன்படி நான் சொன்னது சரியே.

மாதவி_ர
பின்பற்றுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. 'அதுவே முறை' என்பதைத்தான் மறுக்கிறேன். மேலும் இவரிடம் கேட்டது 'கடந்த' வார இறுதி. 'பசாதோ' (கடந்த) என்ற சொல் வந்துவிட்டால் மாத்ரித்திலும் 'ஃபுய்'தான்.

கயல்_எஸ்
மூன்றையும் திருத்தித் தந்தேன், ஏற்றுக்கொண்டார்கள். மிக்க நன்றி. அடுத்த பத்தி, சிறுவயதில் வார இறுதிகளில் என்ன செய்வீர்கள் என்பது.

அருள்நம்பி
மகிழ்ச்சி. அந்தப் பத்திக்கு இம்பெர்ஃபெக்தோவே அடித்தளம்: 'லோஸ் சாபதோஸ் ஹுகாபா'. 'எல் சாபதோ' அந்த ஒரு சனிக்கிழமை, 'லோஸ் சாபதோஸ்' சனிக்கிழமைதோறும். தமிழில் 'கொண்டிருந்தேன்' வருகிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'அப்போதெல்லாம் சனிக்கிழமை விளையாடுவேன்' என்று எதிர்கால வடிவத்தில் நாம் சொல்லும் பழைய வழக்கமும் அங்கே 'ஹுகாபா' தான். அந்த நாள்களில் ஒருமுறை மட்டும் நடந்த ஒன்றைச் சொல்ல நேர்ந்தால், அந்த வினையை மட்டும் இந்தெஃபினிதோவுக்கு மாற்றுங்கள்.