அம்மாள் வருத்தத்தில் 14 நாள் போச்சு, நல்லூருக்கும் லீவு எடுக்கலாமா?

கொக்குவில் அம்மா:
வணக்கம். என் மகள் தரம் 12, உயிரியல் பிரிவு. இந்தத் தவணையில் அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) வந்து 14 பாடசாலை நாள் வீட்டில் கிடந்தாள். படலையில் வேப்பிலை கட்டி, மூன்று தண்ணி வார்த்த பிறகுதான் அனுப்பினேன். இப்போது கனடாவில் இருந்து என் தம்பி நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கு வருகிறான், ஏழு வருடத்துக்குப் பிறகு. மாமாவை அவள் கடைசியாகப் பார்த்தது ஐந்தாம் வகுப்பில். தேருக்கும் தீர்த்தத்துக்கும் மருமகள் கூட நிற்க வேண்டுமாம், அப்புறம் மூன்று நாள் திருகோணமலைக்குப் போக வேண்டுமாம். மொத்தம் ஐந்து நாள். உயர்தரப் பரீட்சைக்கு 80 வீத வரவு வேண்டுமே, குறைந்துவிடுமா? மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

வடமராட்சி ரீச்சர்:
தங்கச்சி, 22 வருடம் வரவு இடாப்பு எழுதியவள் நான். பயப்படாமல் முதலில் கணக்கைப் பாருங்கள். போயாவும் (பௌர்ணமி விடுமுறை) தவணை விடுமுறையும் இதில் சேராது, பாடசாலை நடந்த நாள்கள் மட்டும்தான். ஒரு தவணைக்கு 60 நாள் என்று வையுங்கள். முதல் தவணையில் 57 நாள் போயிருந்தால், இந்தத் தவணையின் 46 நாளையும் சேர்த்து 120க்கு 103. இன்னும் ஐந்து போனால் 98. எல்லை 96. அதாவது கையில் இரண்டே நாள். அடுத்த தவணைகளில் ஒழுங்காகப் போனால் ஏறும், ஆனால் ஒரு காய்ச்சல் வந்தால்?

மருத்துவச் சான்றிதழைக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் நாளைக்கே வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். சில பிள்ளைகள் அதைப் புத்தகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார்கள். தவணை முடிவில் அழுதுகொண்டு வருவார்கள், எனக்கு நெஞ்சு வலிக்கும்.

தேர் நாளுக்கு விடுமுறை அறிவித்தால் அந்த நாள் கணக்கிலேயே வராது. பதிலாகச் சனிக்கிழமை பாடசாலை வைத்தால், அதற்குக் கட்டாயம் அனுப்புங்கள். முன்பெல்லாம் ஆவணி விடுமுறையும் நல்லூரும் சேர்ந்தே வரும், இந்தச் சங்கடமே இருந்ததில்லை. 2020இல் கொரோனாவுக்குப் பூட்டியதிலும் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் தவணைகள் எல்லாம் இடம் மாறிப்போயின.

தேருக்கும் தீர்த்தத்துக்கும் பிள்ளை போகட்டும். 25 நாள் திருவிழாவில் அந்த இரண்டு நாளையும் மறிக்க வேண்டாம். திருகோணமலையைச் சனி, ஞாயிறில் வையுங்கள்.

நீர்வேலித் தம்பி:
அக்கா, வீதத்தை விடப் பாடத்தைப் பாருங்கள். எனக்கு டெங்கு வந்து சேதன இரசாயனத்தின் தொடக்கம் தவறிவிட்டது. ரியூசனில் பிடிக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் பாடசாலையில் செய்த பரிசோதனையை எந்த ரியூசனிலும் காட்டவில்லை. கூட்டாளியின் கொப்பியைப் பார்த்து எழுதி முடிக்க ஒரு மாதம் போனது. மகளை அந்த 14 நாள் கொப்பியை முதலில் எழுதி முடிக்கச் சொல்லுங்கள்.

கொக்குவில் அம்மா:
ரீச்சர், சான்றிதழ் உண்மையிலேயே பைக்குள்தான் இருந்தது! இன்று காலை 7.15க்கே போய்க் கொடுத்துவிட்டேன். வகுப்பாசிரியர் இடாப்பைத் திறந்து காட்டினார், முதல் தவணையில் 58 நாள். தம்பிக்கும் சொல்லிவிட்டேன். சனி விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு ஞாயிறு இரவே திரும்புகிறோம். நீர்வேலித் தம்பி, உயிரியல் கொப்பி முடிந்தது, இரசாயனம் இன்றிரவு தொடங்குகிறாள்.