சுவரில் வரைந்திருப்பதை எப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்வது?

நடைவழி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஒரே பாதையில் நடந்துதான் வேலைக்குச் சென்று வருகிறேன். வழியில் ரயில் பாலத்தின் அடியிலுள்ள நீண்ட சுவரில், கண்களை மூடியிருக்கும் ஒரு முதியவளின் முகம் ஆளுயரத்திற்கு மேல் வரையப்பட்டிருந்தது. அதைச் சுற்றிலும் எனக்குப் படிக்கத் தெரியாத வளைந்த எழுத்துகள், ஓரம் கிழிந்த தாள் ஒட்டுகள், முத்திரை குத்தியதைப் போன்ற சிறிய பறவை உருவங்கள் எல்லாம் இருந்தன. நாள்தோறும் இரண்டு முறை அதைக் கடந்திருக்கிறேன், ஒருநாளும் நின்றதில்லை. சென்ற மாதம் ஒரு காலையில் அந்தச் சுவர் முழுவதும் சாம்பல் நிறம் பூசப்பட்டிருந்தது. முதியவளின் முகம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதுகூட எனக்கு நினைவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நகரின் மற்றச் சுவர்களின் முன்னால் நிற்கத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் என் பார்வை ‘நன்றாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’ என்ற இரண்டு சொற்களைத் தாண்டிப் போக மறுக்கிறது. அருங்காட்சியகத்தில் ஓவியத்தின் அருகே ஒரு குறிப்பு அட்டையாவது இருக்கும். இங்கே எதுவும் இல்லை. அனுமதி பெற்று வரையப்பட்ட பெரிய ஓவியங்களை என்னால் விரும்ப முடிகிறது. பெயரைக் கிறுக்கிவிட்டுப் போனதைப் போலத் தோன்றும் எழுத்துகளில் உண்மையிலேயே ரசிக்க ஏதேனும் இருக்கிறதா, அல்லது இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறோமா? எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று பழகியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வண்ணக்குடுவை எழுதியது:

நண்பருக்கு வணக்கம். பெயர்ப்பலகைகளும் சுவர் விளம்பரங்களும் எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ‘இது என்ன படம்’ என்று கேட்பதற்கு முன்னால், ‘இதை எதைக் கொண்டு வரைந்தார்கள், வரைவதற்கு அவர்களுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது’ என்று கேட்டுப் பழகுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் சுவரிலேயே விடை இருக்கும்.

ஸ்ப்ரே குப்பியிலிருந்து தொடங்கலாம். 1949-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெயிண்ட் வணிகம் செய்துவந்த எட்வர்ட் சீமோர் என்பவர் உருவாக்கிய பொருள் அது; தெரு ஓவியத்தைப் பற்றி அவர் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். குப்பியின் முனையைச் சுவருக்கு மிக அருகில் பிடித்தால் கோடு மெலிந்து, விளிம்பு கூர்மையாக விழும். தள்ளிப் பிடித்தால் கோடு அகன்று, விளிம்பு புகையைப் போலக் கரைந்துவிடும். கை தயங்கி ஒரே இடத்தில் நின்றால் பெயிண்ட் திரண்டு கீழே ஒழுகும். ஆகவே ஒரு நீண்ட வளைகோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமனுடன், எங்கும் ஒழுகாமல் இருக்குமானால், அதை இழுத்தவர் மணிக்கட்டை மட்டும் அசைக்காமல் தோளிலிருந்தே கையை வீசி, சில வேளைகளில் சுவரோரமாக நடந்துகொண்டே இழுத்திருக்கிறார் என்று பொருள். நாற்பது ஆண்டுகள் தூரிகை பிடித்த எனக்கு அப்படி ஒரு கோடு இன்றும் வராது. (வேண்டுமென்றே ஒழுகவிடுகிறவர்களும் உண்டு. தவறி ஒழுகியதையும் விரும்பி ஒழுகவிட்டதையும் பிரித்தறிய உங்களுக்குச் சில மாதங்கள் ஆகும்.)

நீங்கள் கண்ட சிறிய பறவைகள் ஸ்டென்சிலாக இருந்திருக்கலாம். வீட்டில் அமர்ந்து பொறுமையாக வெட்டிய அட்டையைச் சுவரில் வைத்து, அரை நிமிடத்தில் அடித்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்பதுதான் அதன் வசதி. பாரிஸ் நகரில் 1981 முதல் எலி உருவங்களைப் பதித்துவந்த பிளெக் லெ ரா என்பவரும், அவருக்குப் பின்னால் வந்த பிரிட்டிஷ் தெரு ஓவியர் பாங்க்ஸியும் இம்முறையைக் கைக்கொண்டதற்கு வேகம் ஒரு முக்கியமான காரணம். ஸ்டென்சிலில் உருவத்தைவிட எழுத்தை வெட்டுவது கடினம். ‘ண’ என்ற எழுத்தின் சுழிகளை உள்ளபடியே வெட்டினால் நடுத்துண்டு உதிர்ந்துவிடும்; அதைப் பிடித்துக்கொள்ள மெல்லிய இணைப்புகளை விட்டுவைக்க வேண்டும். அந்த இணைப்புகளை எங்கே வைத்திருக்கிறார் என்பதைப் பார்த்தாலே, வெட்டியவருக்கு எழுத்தின் மீது மதிப்பு இருந்ததா, அவசரம் மட்டும்தான் இருந்ததா என்பது தெரிந்துவிடும்.

மாடி உயரமுள்ள ஓவியங்களுக்கு வேறு கணக்கு. நாங்கள் சிறிய படத்தின் மேல் கட்டம் போட்டு, சுவரிலும் கட்டம் போட்டுப் பெரிதாக்குவோம். இப்போது பலர் சுவர் முழுவதும் தாறுமாறான குறிகளைக் கிறுக்கி, அதைப் புகைப்படம் எடுத்து, தம் வரைவை அந்தப் புகைப்படத்தின் மேல் பொருத்தி, எந்தக் கிறுக்கலின் பக்கத்தில் மூக்கு வர வேண்டும், எதன் மேல் கண் வர வேண்டும் என்று கைபேசியில் பார்த்துக்கொண்டே வரைகிறார்கள். நிறம் மெலிந்த இடங்களில் அந்தப் பழைய கிறுக்கல்கள் எட்டிப் பார்ப்பதுண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி உங்களைக் குழப்பும் எழுத்துகள். ஒரே கோட்டில் போடும் கையெழுத்தை ‘டேக்’ என்றும், இரண்டு நிறங்களில் குமிழ் போல உப்பிய எழுத்துகளாக விரைந்து போடுவதை ‘த்ரோ-அப்’ என்றும், பல நிறங்களும் நிழலும் கொடுத்து நேரம் எடுத்துச் செய்வதைப் ‘பீஸ்’ என்றும் சொல்வார்கள். பிலடெல்ஃபியாவில் 1960-களில் ‘கார்ன்பிரெட்’ என்ற பெயரை எங்கும் எழுதிய இளைஞரிடமிருந்து இந்த மரபின் கதையைத் தொடங்குவது வழக்கம். நியூயார்க்கில் ‘டாக்கி 183’ என்று எழுதியவரைப் பற்றி 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. 183 என்பது அவர் வசித்த தெருவின் எண். டேக்கின் மேல் த்ரோ-அப் போடலாம், த்ரோ-அப்பின் மேல் பீஸ் போடலாம், ஆனால் ஒருவருடைய பீஸின் மேல் வெறும் டேக் போடுவது அவமதிப்பு என்பது அவர்களுக்குள் நிலவும் எழுதப்படாத விதி. ஆகவே எது எதன் மேல் இருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சுவரில் யார் யாரை மதித்தார்கள், யார் யாரிடம் சண்டைக்குப் போனார்கள் என்பது ஓரளவு விளங்கும்.

வாயிற்காவல் எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தை மிகவும் விரும்பிப் படித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் பழைய செங்கல் கட்டடம் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவன் என்பதால், இந்த ரசனையில் முழு மனத்துடன் கலந்துகொள்ள என்னால் இயலவில்லை.

மூன்று விநாடிகளில் போட்ட நான்கு எழுத்துகளை எடுக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. பூசப்படாத செங்கல் நுண்துளைகள் நிறைந்தது. கரைப்பானை ஊற்றினால் பெயிண்ட் இளகி இன்னும் உள்ளே இறங்கும். மணலை வீசித் தேய்த்தால் சூளையில் வெந்து இறுகிய மேல்தோலே பெயர்ந்து, மழைநீர் எளிதாகப் புகும் மென்மையான உட்புறம் வெளியே தெரியும். மேலே வேறு நிறம் அடித்து மறைத்தால், அந்தத் திட்டு ஒட்டுப்போட்ட சட்டையைப் போலத் தனியாகத் தெரிவதோடு, அடுத்தவர் எழுதுவதற்குத் தூய்மையான பலகையாகவும் ஆகிவிடுகிறது. கோட்டில் ஒழுகல் இருக்கிறதா இல்லையா என்று நின்று ரசிக்கும் மனநிலை அந்த இரண்டு நாட்களில் எனக்கு வரவில்லை. அந்த எழுத்துகளை இட்டவர் தோளிலிருந்துதான் இழுத்திருந்தார் என்பதை இப்போது, உங்கள் விளக்கத்தைப் படித்த பிறகு, ஒப்புக்கொள்கிறேன். என் வருத்தம் அதனால் குறையவில்லை.

பழஞ்சுவடி எழுதியது:

வாயிற்காவல் ஐயா சொல்வது நியாயமே. ஒருவருடைய கைத்திறனை வியப்பதற்கும் அவர் செய்தது சரி என்று சொல்வதற்கும் இடையே தூரம் இருக்கிறது. ரசிப்பவர்கள் அந்தத் தூரத்தை அவ்வப்போது மறந்துவிடுகிறோம். ஆயினும் அனுமதி பெற்றது கலை, பெறாதது கிறுக்கல் என்ற பிரிவினை நெடுநாள் தாங்குவதில்லை என்பதற்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

இலங்கையின் சிகிரியாக் குன்றில், பளபளக்க மெருகிட்டதால் ‘கண்ணாடிச் சுவர்’ எனப்படும் சுவரில், பெரும்பாலும் 8-ஆம் நூற்றாண்டு முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை வந்துசென்றவர்கள், மேலே தீட்டப்பட்டிருந்த பெண்களின் ஓவியங்களைக் கண்டு தம் மனத்தில் எழுந்த பாடல்களைக் கீறிவிட்டுச் சென்றார்கள். தொல்லியலாளர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956-இல் பதிப்பித்தார்; பழஞ்சிங்கள மொழியை அறிய அவை இன்று முதன்மையான சான்றுகள். அதே சுவரில் இப்போது ஒருவர் தம் பெயரைக் கீறினால் அது தண்டனைக்குரிய குற்றம். இரண்டையும் நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஏற்றுக்கொள்ளும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அண்மைக் காலத்திலும் இப்படித்தான். நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், காலாவதியான விளம்பரங்களை மூடுவதற்காக ஒட்டியிருந்த கறுப்புத் தாள்களின் மேல் சுண்ணக்கட்டியால் வரைந்துவந்தவர் கீத் ஹாரிங். 1986-இல் ஹார்லெம் பகுதியின் விளையாட்டுத் திடல் சுவர் ஒன்றில் போதைப்பொருளுக்கு எதிரான ஓவியத்தை அனுமதியின்றித் தீட்டியதற்காக அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இன்று அந்தத் திடலுக்கே அந்த ஓவியத்தின் பெயர்தான்.

அனுமதி இருந்தும் அழிந்தவை வேறு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலிருந்த ‘5 பாயின்ட்ஸ்’ என்ற பழைய தொழிற்கூடத்தில் உரிமையாளரின் இசைவோடு பல ஆண்டுகள் வரைந்தார்கள். 2013 நவம்பரில் ஓர் இரவில் உரிமையாளரே அனைத்தையும் வெள்ளையடித்து மறைத்தார். ஓவியர்கள் 21 பேர் தொடர்ந்த வழக்கில், 45 ஓவியங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 1,50,000 டாலர் வீதம் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2018-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் 2020-இல் அது நிலைத்தது. சுவர் ஒருவருடையதாகவும் அதன் மேலுள்ள ஓவியம் இன்னொருவருடையதாகவும் இருக்க முடியும் என்று சட்டம் சொல்லிவிட்டது, ஆனால் ஓவியங்கள் திரும்பி வரவில்லை.

ஓவியரே அழித்த கதையும் உண்டு. புளூ என்ற புனைபெயரில் வரையும் இத்தாலியர், பெர்லினின் குராய்ட்ஸ்பெர்க் பகுதியில் தாம் தீட்டிய இரண்டு மாபெரும் ஓவியங்களை 2014 டிசம்பரில் கறுப்பு நிறம் பூசி மறைக்கச் செய்தார். அருகில் வரவிருந்த குடியிருப்புகளுக்குத் தம் ஓவியம் விலையேற்றும் காட்சிப் பொருளாகிவிடக் கூடாது என்பது காரணம். 2016-இல் பொலோன்யா நகரில், சுவர்களிலிருந்து பெயர்த்தெடுத்த தெரு ஓவியங்களைக் கண்காட்சியில் வைக்க முற்பட்டபோது, அந்நகரில் தாம் வரைந்தவற்றையெல்லாம் சாம்பல் நிறத்தால் மூடினார். நடைவழி அவர்கள் கண்ட சாம்பல் சுவரை மாநகராட்சிதான் பூசியிருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். இருந்தாலும் எல்லாச் சாம்பல் சுவர்களும் ஒரே காரணத்தால் சாம்பலாவதில்லை.

ஒளிப்பெட்டி எழுதியது:

பதிவு செய்வது பற்றிச் சுருக்கமாக. நிறங்கள் உண்மையாகப் பதிய வேண்டுமானால் மேகமூட்டமான நாளில் சுவருக்கு நேர் எதிரே நின்று எடுங்கள். பூச்சின் தடிப்பு, தாள் ஒட்டின் விளிம்பு, அடியில் புதைந்திருக்கும் பழைய அடுக்கு ஆகியவை தெரிய வேண்டுமானால் வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும் நேரத்தில் எடுங்கள். ஓவியத்தை மட்டும் எடுப்பவர்கள்தான் மிகுதி. பத்தடி பின்னால் சென்று, தெருவும் நடப்பவர்களும் சேர்ந்து வருமாறு ஒரு படமாவது எடுத்து வையுங்கள், ஏனெனில் ஓவியர் சுவரில் இருந்த எந்தக் குழாயைக் கைத்தடியாக்கினார், எந்த விரிசலை முகத்தின் சுருக்கமாக்கினார் என்பது அதில்தான் தெரியும். தேதியைக் கட்டாயம் குறியுங்கள். ஒரே சுவரை மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று எடுப்பது நூறு சுவர்களை ஒருமுறை எடுப்பதைவிடப் பயன் தரும் என்பது என் அனுபவம். விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ படத்தைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் உங்கள் நாட்டின் பதிப்புரிமைச் சட்டத்தை முதலில் பாருங்கள். பொது இடத்தில் இருப்பதாலேயே எல்லா நாடுகளிலும் அது பொதுச்சொத்தாகிவிடாது. எழுதிக்கொண்டிருப்பவரின் முகத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

நடைவழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வாயிற்காவல் ஐயாவின் மறுமொழியைப் படித்ததால், இப்போது ஒவ்வொரு சுவரையும் பார்க்கும்போது அது செங்கல்லா, பூச்சா, யாருடைய இரண்டு நாள் வேலை என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

ஒளிப்பெட்டி சொன்ன சாய்வு வெளிச்சத்தை நினைத்துக்கொண்டு, நேற்று மாலை வேலை முடிந்து திரும்பும்போது அந்தச் சாம்பல் சுவரின் முன்னால் நின்றேன். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சுவரோடு ஒட்டி நின்று, பாலத்தின் திறந்த பக்கத்திலிருந்து வெயில் வரும் திசையில் பார்த்தபோது, சாம்பலுக்கு அடியில் தாள் ஒட்டுகளின் விளிம்புகளும், அவற்றிற்கு நடுவே தடித்த பூச்சு மேடிட்ட ஒரு நீண்ட வளைவும் தெரிந்தன. அது முதியவளின் தாடையாகத்தான் இருக்க வேண்டும். முகம் இடப்பக்கம் சாய்ந்திருந்திருக்கிறது. வெயில் போவதற்குள் மூன்று படங்கள் எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டேன்.

அவளுடைய நெற்றி இருந்திருக்கக்கூடிய இடத்திற்குச் சற்று மேலே, யாரோ புதிதாக ஐந்து எழுத்துகளை ஒரே கோட்டில் இழுத்திருக்கிறார்கள். என்னால் படிக்க முடியவில்லை. நான்காம் எழுத்து வரை ஒழுகலே இல்லை. ஐந்தாவதில் மட்டும் இரண்டு விரல் நீளத்திற்கு ஒழுகியிருக்கிறது. வண்ணக்குடுவை ஐயா, யாரோ வரும் சத்தம் கேட்டுக் கை நின்றிருக்குமா?