பீச்ட்ரீ 10 கி.மீ.: கார்டியாக் ஹில்லுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி (ஆல்ஃபரெட்டாவாசி):
ஜூலை 4 அட்லாண்டா பீச்ட்ரீ ரோடு ரேஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். தட்டையான பாதையில் 10 கி.மீ.க்கு 58 நிமிடம் ஆகிறது. வார நாட்களில் ட்ரெட்மில், சனிக்கிழமை பிக் கிரீக் கிரீன்வே. இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. 60 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பாதையின் நடுவில் வரும் கார்டியாக் ஹில் என்ற மேட்டைச் சொல்லி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஏற்றத்துக்கு என்ன பயிற்சி செய்யலாம்?

பதில் (மேடுபள்ளம்):
ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதற்கு முன்னால் வரும் இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லெனாக்ஸ் ஸ்கொயர் மால் பக்கம் தொடங்கி பீச்ட்ரீ கிரீக் ஓடை வரை முதல் மூன்று மைலும் பெரும்பாலும் இறக்கம்தான். கூட்டம், இசை, காலைக் குளிர்ச்சி எல்லாம் சேர்ந்து மைலுக்கு அரை நிமிடம் வேகமாக இழுத்துக்கொண்டு போகும், மூச்சும் வாங்காது. ஆனால் இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டபடியே பிரேக் போடுகிறது. தசை இழை நைந்துபோவது அங்கேதான். ஓடையைத் தாண்டி பீட்மான்ட் மருத்துவமனையை நோக்கி முக்கால் மைல் ஏறும்போது கால் கல்லாகிவிடும், பழி மட்டும் மேட்டுக்குப் போகும்.

அதனால் ஏறவும் பழகுங்கள், இறங்கவும் பழகுங்கள். உங்கள் கிரீன்வே ஓடைக்கரைப் பாதை, அங்கே மேடு கிடையாது. குடியிருப்புத் தெருக்களில் நானூறு மீட்டர் அளவுக்கு ஒரு சரிவு கிடைக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஒருநாள், 60 விநாடி ஏற்றம் ஆறு முறை, மெதுவாக நடந்து இறங்கலாம். அடுத்த மூன்று வாரம் மூன்று நிமிட ஏற்றம் நான்கு முறை, இந்தக் கட்டத்தில் இறங்கும்போதும் ஓட வேண்டும். அடி சின்னதாக, எண்ணிக்கை அதிகமாக இருக்கட்டும். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். குதிகாலை முன்னே நீட்டினால் முட்டிதான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். முதல் தடவை இரண்டு நாள் தொடை வலிக்கும், அடுத்த தடவை அதில் பாதி கூட இருக்காது. தசை அந்த அடியை ஒருமுறை வாங்கிவிட்டால் அடுத்ததைத் தாங்கும். கடைசிக் கடினமான இறக்கப் பயிற்சி, பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும்.

மழை நாளில் ட்ரெட்மில்லில் 4 சதவீத ஏற்றம் வைத்து ஆறு நிமிடம், மூன்று முறை. பெரும்பாலான ட்ரெட்மில்லில் இறக்கம் வைக்க முடியாது, அதனால் தெரு ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

பதில் (வேர்வை):
மேலே சொன்னது சரி. ஆனால் 60 நிமிடக் கனவைக் கெடுக்கப்போவது மேடு அல்ல, ஈரப்பதம். வெப்பநிலையையும் டியூ பாயின்டையும் (காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஃபாரன்ஹீட்டில் கூட்டிப் பாருங்கள். ஜூலை முதல் வாரக் காலை ஏழு மணிக்கு 73, 69 என்று இருப்பது சகஜம், கூட்டினால் 142. ஓட்டக்காரர்கள் பயன்படுத்தும் கைக்கணக்குப்படி 141 முதல் 150 வரை வேகம் 3 முதல் 4.5 சதவீதம் குறையும். உங்கள் 58 நிமிடம் அங்கேயே 60 ஆகிவிட்டது, மேடு தனி.

ஏசி ட்ரெட்மில் இதற்கு உதவாது. ஜூன் 15 வாக்கில் தொடங்கி வாரத்தில் ஐந்து நாள் மாலை வெயிலில் 45 நிமிடம் மெதுவாக ஓடுங்கள். முதல் சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், பிறகு வேர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறையும். இரண்டு வாரத்தில் உடல் ஓரளவு பழகிவிடும். நிறுத்தினால் சில வாரங்களில் போய்விடும். ஜூனில் ஊருக்குப் போகிறவர்கள் சென்னை வெயில் போதுமே என்று நினைக்கிறார்கள். ஏசி அறையிலும் காரிலும் இருந்துவிட்டு வந்தால் ஒன்றும் ஒட்டாது.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. அந்தக் கணக்கைத் தாண்டிக் குடிக்காதீர்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், அதுவும் ஆபத்து. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு உப்பு மாத்திரை தேவையில்லை. ஒரு கப்பில் இரண்டு மிடறு குடித்து, மிச்சத்தைத் தலையில் ஊற்றுங்கள். பருத்திச் சட்டை வேண்டாம்.

பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று எச்சரிக்கைக் கொடி வைத்திருப்பார்கள். சிவப்பு என்றால் நேர இலக்கை மறந்துவிடுங்கள், கறுப்பு என்றால் பந்தயமே ரத்து. பக்கத்தில் ஓடுபவர் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். வேர்வை வழிந்துகொண்டிருப்பதால் வெப்பத்தாக்கு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பனிக்கட்டித் தண்ணீரில் குளிர்விப்பதுதான் முதல் வேலை, ஆம்புலன்ஸ் பயணம் அதற்குப் பிறகு.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. அப்போ எந்த வேகத்தில் ஓடுவது? மேட்டில் நடந்தால் மோசமா?

பதில் (மேடுபள்ளம்):
முதல் மூன்று மைலும் மைலுக்கு 9:25, அதாவது 9 நிமிடம் 25 விநாடி. இவ்வளவு மெதுவா என்று தோன்றும், தோன்றட்டும். கார்டியாக் ஹில் உள்ள நான்காவது மைல் 10:25. அங்கே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள், நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வர வேண்டும். உச்சியோடு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மிட்டவுன் வரை இன்னும் ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஐந்தாவது மைல் 10:05, ஆறாவது 10:00 வைத்துக்கொள்ளுங்கள். இடதுபுறம் 10ஆம் தெருவில் திரும்பியதும் பீட்மான்ட் பார்க் நோக்கி இறக்கம், மிச்சமிருப்பதையெல்லாம் அங்கே கொட்டலாம். மொத்தம் 61 நிமிடத்துக்குள் வரும். 60 வேண்டுமென்றால் டிசம்பரில் ஒரு தட்டையான பாதை பாருங்கள்.

நடப்பதில் தப்பே இல்லை. அரை நிமிடம் விறுவிறு நடை, இரண்டு நிமிடம் ஓட்டம் என்று மேட்டின் அடியிலேயே தொடங்குங்கள். மூச்சு முட்டிய பிறகு நடந்தால் மறுபடி ஓட்டம் வராது. நடக்கும்போது சாலை ஓரத்துக்கு வந்துவிடுங்கள், பின்னால் வருகிறவர் முட்டுவார்.

பதில் (வேர்வை):
காலை ஐந்து மணிக்கு இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டு. சாம்பார் வேண்டாம். காபி தினமும் குடிப்பவர் என்றால் குடிக்கலாம். காரை வீட்டில் விட்டுவிட்டு மார்ட்டா ரயிலில் லெனாக்ஸ் போங்கள், திரும்ப மிட்டவுன் நிலையத்தில் ஏறலாம். டிக்கெட் அட்டையை முந்தின நாளே எடுத்துவிடுங்கள், அன்றைக்கு மெஷின் முன்னால் வரிசை நீளும்.