மறு: ‘ஸ்டிக்கி விக்கெட்’ – ‘பொருக்குக்களம்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். கிரிக்கெட்டில் மழைக்குப்பின் மட்டையாளரைத் திணறடிக்கும் ஆடுகளத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்டிக்கி விக்கெட்’ என்பார்கள். அதற்கு ‘பொருக்குக்களம்’ எனலாமா என்ற பேச்சில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘ஈரக்களம்’ போதாதா? எல்லாருக்கும் எளிதாகப் புரியுமே.

எளிதாகப் புரியும், ஆனால் தப்பாகப் புரியும். நன்றாக நனைந்த ஆடுகளத்தில் பந்து வழுக்கிக்கொண்டு மெதுவாக வரும். நனைந்த பந்து சுழல்வீச்சாளரின் விரலுக்கும் பிடிபடாது. மட்டையாளர் அங்கே ஒருவழியாகச் சமாளித்துவிடலாம். மழை விட்டு வெயில் ஏறினால்தான் வினை. மேல்மண் காய்ந்து பொருக்குத் தட்டும், அடியில் ஈரம் நிற்கும். விழுகிற பந்து பொருக்கைப் பெயர்த்துக்கொண்டு எழும்பும்; அடுத்த பந்து எங்கே எழும்பும் என்று யாருக்கும் தெரியாது.

நாம் சொல்லடைவு தயாரிக்கும், இங்கிலாந்தின் 1956 கவுண்டி (மாவட்ட அணிகளின்) பருவத்தையே பாருங்கள். மழை விடாத கோடை. ஆட்டம் தொடங்கியபின் ஆடுகளத்தை மூடிக் காக்காத காலம். சர்ரே அணியின் சுழல்வீச்சாளர் ஜிம் லேக்கர் மே மாதம் லண்டன் ஓவல் மைதானத்தில், சுற்றுப்பயணம் வந்த ஆஸ்திரேலியர்களின் பத்து விக்கெட்டையும் 88 ரன்னுக்கு எடுத்தார். ஜூலையில் பிளாக்ஹீத்தில் அதே அணியின் டோனி லாக், கென்ட்டுக்கு எதிராக 54 ரன்னுக்குப் பத்து. ஸ்டூவர்ட் சரிட்ஜ் தலைமையில் 1952 முதல் தொடர்ந்து ஐந்தாவது முறையாக சர்ரேவே சாம்பியன்.

ஆனால் நம் சொல்லுக்குச் சரியான சான்று, அதே கோடையில் மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட். கடைசி நாள், ஜூலை 31. ஆஸ்திரேலியாவின் மக்டொனால்டும் கிரெய்கும் காலை முழுக்க விக்கெட் விழாமல் நின்றார்கள். களம் ஈரம்தான், அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மதிய உணவை ஒட்டி வெயில் வந்தது. அப்புறம் கிரெய்க் 38 ரன்னில் ஆட்டமிழந்தார். பின்னாலேயே மெக்கே, மில்லர், ஆர்ச்சர் மூவரும் பூஜ்யம். மாலைக்குள் இங்கிலாந்துக்காக ஆடிய லேக்கர் அந்த இன்னிங்ஸின் பத்து விக்கெட்டையும் எடுத்து முடித்தார். இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து அவருக்கு 90 ரன்னுக்கு 19 விக்கெட். ஆக, ஆட்டத்தைத் திருப்பியது ஈரமல்ல, ஈரக்களம் வெயிலில் காய்ந்தது. ‘ஈரக்களம்’ என்றால் காலையில் நடந்ததற்கும் மாலையில் நடந்ததற்கும் ஒரே பெயராகிவிடும்.

‘ஸ்டிக்கி’யை அப்படியே பெயர்த்து ‘ஒட்டுக்களம்’ என்பதும் வேண்டாம். ஒட்டு என்றால் மாங்கன்றுதான் நினைவுக்கு வருகிறது.

> பொருக்கு, பொறுக்கு: எழுத்துப்பிழை வந்தால் விபரீதமாகிவிடாதா?

ஏரி, ஏறி என்று இரண்டையும் எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்? உழவர் வாயில் இன்றும் புழங்கும் சொல்லை இதற்காகக் கைவிட எனக்கு மனமில்லை. இன்னொரு வசதி, வினையாகவும் வரும்: ‘உணவு இடைவேளைக்குப் பின் களம் பொருக்குத் தட்டியது.’ இது ஒரு நிலைமை, இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்து போவது. பெயர்ச்சொல் மட்டும் இருந்தால் வர்ணனை எழுதுபவர் திண்டாடுவார்.

> அப்படியானால் மூடாத எல்லா ஆடுகளத்துக்கும் இதையே சொல்லலாமா?

கூடாது. 1947-இலும் ஆடுகளத்தை மூடவில்லை. ஆனால் அது வெயில் காய்ந்த கோடை. மட்டையாளர் டெனிஸ் காம்ப்டன் அந்தப் பருவத்தில் 3816 ரன், 18 சதம் அடித்தார். மிடில்செக்ஸ் அணியில் அவருடைய கூட்டாளி பில் எட்ரிச் 3539 ரன். மூடாதது ஏற்பாடு, பொருக்கு அதன் விளைவு. அதுவும் மழை பெய்தால்தான். ஏற்பாட்டுக்கு ‘மூடா ஆடுகளம்’ என்று பிரித்தே எழுதுவோம். ‘மூடாக்களம்’ என்று சேர்த்தால் தோட்டத்தில் போடும் மூடாக்கு குறுக்கே வரும்.

வரையறையை இப்படி வைக்கிறேன்:

பொருக்குக்களம்: மழையில் நனைந்தபின் வெயிலில் மேல்பரப்பு மட்டும் காய்ந்து, பந்து ஒழுங்கின்றி எழும்பித் திரும்பும் நிலையில் உள்ள ஆடுகளம்.

‘ஒழுங்கின்றி’ என்பதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.