மறுமொழி: ‘கமிட்’ – உறுதியா, ஒப்படைப்பா, பதிவா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சிறு மென்பொருள் குழுக்களுக்குக் கட்டுப்படியாகும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை (கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமித்துவைக்கும் மென்பொருள்) எது என்று தமிழில் எழுதப்பட்டுவரும் கையேட்டின் சொற்பட்டியலைப் படித்தேன். பெரும்பாலான சொற்களில் எனக்கு வழக்கு இல்லை. ‘களஞ்சியம்’ (கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடம்), ‘கிளை’ (வேலை தனியாகப் பிரிந்து செல்லும் தடம்), ‘முரண்’ (இருவரின் மாற்றங்கள் மோதுவது) எல்லாம் வேரூன்றிவிட்டன. அவற்றைக் கிளற வேண்டாம். கிளைகளை ஒன்றாக்கும் மெர்ஜுக்கு ‘இணைப்பு’ என்று போட்டிருப்பதை மட்டும் ‘ஒன்றிணைப்பு’ என்று மாற்றிவிடலாம். மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு, வலைப்பக்கச் சுட்டியும் இணைப்பு, இதுவும் இணைப்பு என்றால் படிப்பவர் பாவம். களஞ்சியத்தைத் தனி நகலாகப் பிரித்தெடுக்கும் ஃபோர்க்குக்குக் ‘கவை’ என்று சொன்ன அம்மையாருக்கு என் ஓட்டு. கவைக்கோலும் கவட்டையும் அறிந்தவர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை.

‘பதிப்புக் கட்டுப்பாடு’ என்ற தலைப்புச் சொல்லையே மாற்றவேண்டும், பதிப்பு என்பது அச்சுத் தொழிலுக்கு உரியது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் புழக்கத்துக்கு வந்துவிட்ட சொல்லைத் திரும்பப் பெறும் அதிகாரம் எந்தக் குழுவுக்கும் கிடையாது. அதை அப்படியே விட்டுவிடுவோம்.

உண்மையான சிக்கல் ‘கமிட்’தான், அதாவது செய்த மாற்றங்களைக் களஞ்சியத்தின் வரலாற்றில் சேர்க்கும் செயல்.

> ‘உறுதி செய்தல்’ என்று வைக்கலாம். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை ஒட்டி வருகிறது.

அகராதியை ஒட்டி வருகிறது, கருவியை ஒட்டி வரவில்லை. ‘நிச்சயமாக அழிக்கவேண்டுமா?’ என்று திரை கேட்கும்போது நாம் அழுத்தும் பொத்தானில் ‘உறுதி செய்’ என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறது. தரவுத்தளத்தில் கமிட் ஆனால் அந்த மாற்றம் நிலைத்துவிடுகிறது. அங்கே இந்தச் சொல் ஓரளவு பொருந்தும். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் அப்படியா? சற்றுமுன் செய்த கமிட்டை அடுத்த நிமிடமே திருத்தலாம், இரண்டை ஒன்றாக்கலாம், வரிசையை மாற்றலாம், வேண்டாம் என்று விட்டுவிட்டு வேறு கிளைக்குப் போகலாம். வெளியே அனுப்பும்வரை எதுவும் உறுதி கிடையாது. புதிதாகச் சேர்பவரிடம் ‘உறுதி செய்’ என்று சொன்னால் அவர் பயந்துபோய் நாள் முழுவதும் செய்த வேலையை மாலையில் ஒரே மூட்டையாகக் கட்டுவார். அடிக்கடி, சிறிது சிறிதாகச் செய்யவேண்டிய ஒரு செயலுக்குக் கையை நடுங்கவைக்கும் பெயர் எதற்கு?

> எங்கள் குழுவில் பல ஆண்டுகளாக ‘ஒப்படைத்தல்’ என்கிறோம். எல்லோருக்கும் புரிகிறது.

புரியும், அந்தச் சொல் பிறந்த இடம் அப்படி. சி.வி.எஸ்., சப்வெர்ஷன் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களில் களஞ்சியம் ஒரே இடத்தில், மையக் கணினியில் இருக்கும். கமிட் செய்தால் மாற்றம் நேரே அங்கே போய்ச் சேரும். ஒப்படைப்பு என்றால் வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும் அல்லவா? அங்கே மையக் கணினி வாங்கிக்கொள்கிறது. கிட், மெர்க்குரியல் இரண்டிலும் கமிட் நடப்பது நம் கணினிக்குள்ளேயே. வலையிணைப்பு இல்லாவிட்டாலும் நடக்கும். யாரிடம் ஒப்படைத்தோம்? யாரிடமும் இல்லை. பிறகு நம் கமிட்டுகளை வேறொரு களஞ்சியத்துக்கு அனுப்பப் ‘புஷ்’ என்று தனியாக ஒன்று செய்கிறோமே, அதுதான் ஒப்படைப்பு.

சொல் இங்கே விலையோடு போய் மோதுகிறது. கையேடு எந்த முறையைப் பரிந்துரைக்கிறதோ அதற்கு ஏற்றதாகச் சொல் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. ஆகவே கையேட்டின் ஒப்பீட்டு அட்டவணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

அட்டவணையில் ‘விலை’ என்ற நெடுவரிசையின் கீழ் கிட், சப்வெர்ஷன், மெர்க்குரியல், ஃபாசில் நான்குக்கும் ‘இலவசம்’ என்றே இருக்கிறது. நான்கும் இலவசம் என்றால் அந்த நெடுவரிசை தேர்வுக்கு உதவவில்லை என்று பொருள். பிட்கீப்பர் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் கதையை நினைத்துப் பாருங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை உருவாக்குபவர்கள் 2002 முதல் அதைக் கட்டணமில்லாமல் பயன்படுத்தினார்கள். ஆனால் அது தனியுடைமை மென்பொருள்; உரிமத்தில் நிபந்தனைகள் இருந்தன. 2005-இல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. அந்த ஏப்ரலில்தான் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார்; அதே மாதத்தில் மெர்க்குரியலும் பிறந்தது. 2004-இல் நம் அட்டவணையைப் போட்டிருந்தால் பிட்கீப்பருக்கு நேராகவும் ‘இலவசம்’ என்றுதான் எழுதியிருப்போம்! ஆகவே ‘கட்டணம்’, ‘உரிமம்’ என்று இரண்டு நெடுவரிசைகள் வேண்டும். முதலாவதில் ‘இல்லை’ என்று வருவது சலுகை, இரண்டாவதில் ‘கட்டற்றது’ என்று வருவது உரிமை. (பிட்கீப்பரே 2016-இல் திறமூலமாகிவிட்டது. யாருக்கும் தேவைப்படாத காலத்தில்.)

உரிமத்துக்குப் பணம் இல்லை என்றால் செலவு எங்கே? பராமரிப்பில். சப்வெர்ஷன் என்றால் மையக் கணினி ஒன்றை யாராவது காத்துக்கொண்டிருக்கவேண்டும். அதன் வட்டு பழுதாகி, காப்புப் படியும் இல்லாமல் போனால், வரலாறு போயிற்று. உறுப்பினர்களின் கணினிகளில் எஞ்சியிருப்பவை அவரவர் கடைசியாக எடுத்த கோப்புகள் மட்டுமே. கிட்டில் முழு நகல் எடுத்துவைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும், அவர் கடைசியாகப் பெற்ற நாள்வரையிலான வரலாறு முழுக்க இருக்கும். நிர்வாகி என்று தனியாக ஆள் வைக்க முடியாத குழுவுக்கு இந்த வேறுபாடு பெரிது.

ஆனால் கிட்தான் எல்லோருக்கும் மலிவு என்று எழுதிவிடாதீர்கள். வரைகலைக் கோப்புகள், ஒலி, காணொளி என்று பெரிய இருமக் கோப்புகள் (எழுத்து வரிகளாக ஒப்பிட முடியாதவை) புழங்கும் இடத்தில் நிலைமை தலைகீழ். கிட்டின் முழு நகலில் அந்தக் கோப்பின் பழைய வடிவங்கள் அத்தனையும் சேர்ந்தே வரும். கிட் களஞ்சியங்களை வைத்துக்கொள்ளும் வலைத்தளமான கிட்ஹப் 100 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்றுக்கொள்வதே இல்லை, அதற்குத் தனி நீட்சியை நாடவேண்டும். சப்வெர்ஷனில் வேண்டிய கோப்புறையின் இன்றைய வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒரு படத்தைத் திருத்தும்போது மற்றவர் கைவைக்காமல் பூட்டவும் முடியும். இருமக் கோப்பில் முரண் வந்தால் ஒன்றிணைக்க வழியே இல்லாததால் இந்தப் பூட்டுக்கு மதிப்பு அதிகம். விளையாட்டு உருவாக்கும் குழுக்கள் பெர்ஃபோர்ஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை நாடுவதற்கும் இதுவே காரணம். அது தனியுடைமை என்றாலும் ஐந்து பயனர் வரை கட்டணம் கிடையாது. ஆறாவது ஆள் சேரும் நாளில் கணக்கு மாறும் என்பதையும் எழுதுங்கள்.

ஃபாசிலை ஒரே வரியில் தள்ளியிருப்பது எனக்கு வருத்தம். எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதிய ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது, எஸ்.க்யூ.லைட் திட்டமே அதில்தான் நடக்கிறது. ஒரே நிரல் கோப்பு. பிழைப் பட்டியல், விக்கி, வலை இடைமுகம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. களஞ்சியமும் ஒரே தரவுத்தளக் கோப்பு. இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இதைவிடச் சிக்கனமானது எனக்குத் தெரிந்து இல்லை. சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் குறைவு என்பது அதன் விலை.

இனி என் முன்மொழிவு. கமிட் என்பதற்குப் ‘பதி’, பெயர்ச்சொல்லாகப் ‘பதிவு’. புஷ் என்பதற்கு ‘ஒப்படை’, மற்றவர்களின் மாற்றங்களை நம் களஞ்சியத்துக்குக் கொண்டுவரும் புல் என்பதற்குப் ‘பெறு’. பட்டியலில் உள்ள ‘தள்ளு’, ‘இழு’ இரண்டும் கதவில் ஒட்டுவதற்கே இருக்கட்டும். ‘பதி’ என்று வைத்துக்கொண்டால் பதிவுக் குறிப்பு, பதியாத மாற்றம், பதிந்தவர், மறுபதிவு என்று தேவையானவை தாமே கிளைக்கின்றன. சப்வெர்ஷனில் பதிந்தவுடன் ஒப்படைப்பும் நடந்துவிடுகிறது. ஃபாசிலில் பதிந்ததும் அது தானாகவே ஒப்படைக்கும், வேண்டாம் என்றால் அந்த வசதியை அணைக்கலாம். கிட்டில் நாம் சொன்னால்தான் ஒப்படைக்கும். மூன்று முறைகளின் வேறுபாட்டையும் இரண்டே சொற்களால் சொல்லிவிட முடிகிறது. ‘உறுதி’யால் இதைச் சொல்லிக் காட்டுங்கள், நான் விலகிக்கொள்கிறேன்.

அன்புடன்.

---

மறுமொழி:

ஐயா, வணக்கம்.

பெயர்ச்சொல்லாகப் ‘பதிவு’ எனக்குச் சம்மதம். வினையில்தான் இடறல். ‘பதிந்தது’ தன்வினை, ‘பதித்தான்’ பிறவினை. கால்தடம் மணலில் பதிந்தது. அவன் மோதிரத்தில் கல்லைப் பதித்தான். ‘மாற்றத்தைப் பதிந்தேன்’ என்று எழுதினால் இலக்கணம் அறிந்தவர் முகம் சுளிப்பார். ‘பதித்தேன்’ என்று திருத்தினாலோ கல் பதித்த நகை நினைவுக்கு வருகிறது. ‘பதிவு செய்’ என்று நீட்டிவிடுவது நல்லது. இன்னொன்று: வலைப்பதிவு, பெயர்ப் பதிவு, ஒலிப்பதிவு, நிகழ்வுப் பதிவு என்று இந்தச் சொல் ஏற்கெனவே சுமை தாங்க முடியாமல் நிற்கிறது. ‘கணு’ என்று ஒன்றை எண்ணிப் பாருங்கள். கணுவிலிருந்துதானே கிளை வெடிக்கிறது? புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியலில், புள்ளியைக் குறிக்கும் நோடுக்கும் அதுவே வழக்கு.

---

மறுமொழி:

ஐயா, ‘கணு’ அழகான சொல். களஞ்சிய வரலாற்றை வரைந்து காட்டும் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தப் பெயரே இருக்கட்டும். ஆனால் அதற்கு வினை இல்லை. ‘நேற்று மாலை கணுவிட்டேன்’ என்று யாரும் எழுதப்போவதில்லை. நாள்தோறும் பலமுறை செய்யும் வேலைக்கு வினைச்சொல்தான் முதலில் தேவை, பெயர்ச்சொல் பின்னால் வரும்.

தன்வினை, பிறவினை பற்றி: நாளிதழைத் திறந்தால் ‘போலீசார் வழக்குப் பதிந்து விசாரித்துவருகின்றனர்’ என்று இல்லாத நாள் உண்டா? செய்யப்படுபொருளோடு ‘பதிந்து’ வந்து நெடுங்காலம் ஆயிற்று, யாரும் முகம் சுளிக்கவில்லை. உரைநடையில் ‘பதிவு செய்தார்’ என்று எழுத விரும்புவோர் எழுதட்டும். கட்டளையாகவும் பட்டியலிலும் ‘பதி’ என்ற இரண்டு எழுத்து போதும். திரையில் இடமும் மிச்சம். சொற்சுமையைப் பற்றிய கவலை நியாயமானது. ஆகவே கமிட்டுகளை வரிசையாகக் காட்டும் லாகுக்குப் ‘பதிவு’ வேண்டாம், ‘வரலாறு’ என்று வையுங்கள். பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடும்.

---

மறுமொழி:

கையேட்டை எழுதிவருபவன் என்ற முறையில்: பதி, ஒப்படை, பெறு, வரலாறு, ஒன்றிணைப்பு, கவை ஆகியவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ‘கணு’ படவிளக்கத்துக்குப் போகிறது. அட்டவணை கட்டணம், உரிமம், பராமரிப்பு என்று மூன்று நெடுவரிசைகளாகிறது. ஃபாசிலுக்கு ஒரு தனிப் பத்தி எழுதுகிறேன்.

தமிழில் எழுதும் குழுக்களுக்காக ஒரு பிற்சேர்க்கையும் வைக்க எண்ணம். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிட் அதைப் பெயராகக் காட்டாமல் ‘\340\256\205’ என்று எண்களாக உதிர்க்கும்; அது ‘அ’ என்ற ஒற்றை எழுத்து. ‘கோர்.க்வோட்பாத்’ (core.quotePath) என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகத் தெரியும். இன்னொரு தொல்லை ‘கொ’. யூனிகோடில் கொகரத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். இருவர் இருவேறு விசைப்பலகையில் தட்டினால் கிட் அந்த வரி மாறிவிட்டதாகச் சொல்லும். எங்கே மாறியது என்று நாம் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம். பதிவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு நிரல் ஒன்றையும் கையேட்டோடு தரலாமா?

நிலுவையில் இருப்பவை: அடுத்துப் பதியவேண்டிய மாற்றங்களைத் தேர்ந்துவைக்கும் ஸ்டேஜிங்குக்கு ‘ஆயத்தம்’, பதியாத மாற்றங்களைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் ஸ்டாஷுக்கு ‘ஒதுக்கிவை’, ஒரு கிளையின் பதிவுகளை வேறோர் அடிப்படையின் மேல் மாற்றிவைக்கும் ரீபேசுக்கு ‘அடிமாற்று’. மூன்றாவது எனக்கே பிடிக்கவில்லை. வேறு சொல் இருப்பவர்கள் வினைவடிவத்தோடு எழுதுங்கள்.